பிடிச்சதெண்டு சொல்லாதேங்கோ

யோகமலருக்கு அதை டேனிஷில் சொல்வது சுலபமாக இருந்தது. டென்மார்க்கில், சில்க்போர்க் நகர முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் கிர்ஸ்டனிடம் சொன்னாள்: "வன்னியில் என் தங்கையின் மகளை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது." அதையே தமிழில் சொல்வதென்றால் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்த வேண்டும்.

அது 2008 கார்த்திகை. சோபனாவுக்குப் பதினாறு வயது.

அதே நாட்டில், ஹோர்சன்ஸ் நகரத்தில் இராசரத்தினம் இருந்தார். பண்டகசாலையில் வேலை; வேலை முடிந்தால் இயக்கத்தின் ஆள். அவர் சொன்னால் வன்னியில் எடுபடும் என்று இங்குள்ள தமிழரிடையே பேச்சு. யோகமலர் அவர் வீட்டுக்கே போனாள்.

"அண்ணை, பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். தொய்வுக்காறி, மூச்சு இழுக்கிற பிள்ளை."

"பிடிச்சதெண்டு சொல்லாதேங்கோ, தங்கச்சி. இணைஞ்சவ."

"புத்தகப் பையோடையோ இணைஞ்சவ?"

அவர் சிரிக்கவில்லை. "அந்தச் சொல்லோடை நான் அங்கை கதைக்கேலாது. இணைஞ்ச பிள்ளை, தொய்வுக்காறி, விட்டால் நல்லதெண்டு கேட்கலாம். சொல்லுங்கோ பாப்பம்."

யோகமலர் சொன்னாள்: "இணைஞ்சவ."

அவரும் கதைத்தார். சோபனா வரவில்லை.

வைகாசியில் போர் முடிந்தது. சோபனா உயிரோடு இருந்தாள், இராணுவத்தின் தடுப்பு முகாமில், கட்டையாக வெட்டிய முடியோடு. வவுனியாவில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். விரும்பிப் போனவளா, பிடித்துக்கொண்டு போனார்களா என்பதுதான் அவருடைய கேள்வி; பிடித்தது என்றால் வெளியே எடுக்கப் பார்க்கலாம். தாய் சொன்னால் போதாது, இயக்கத்தோடு நின்ற ஒருவர் சொன்னால் கனதி என்றார்.

யோகமலர் மறுபடியும் ஹோர்சன்ஸ் போனாள். இராசரத்தினத்தைத் தேடி இப்போது ஒருவரும் வருவதில்லை.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் கதைக்கேக்க அங்கை என்ன சொன்னவை?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிடிச்ச பிள்ளையளை எல்லாம் விட்டால், பிறகு ஆர் சண்டை பிடிக்கிறதெண்டு கேட்டவை."

"அண்டைக்கு உங்கடை சொல்லை நான் சொன்னனான். இண்டைக்கு என்ரை சொல்லை நீங்கள் சொல்லுங்கோ."

"சொன்னால், இவ்வளவு காலமும் நீ என்ன செய்தனியெண்டு சனம் கேக்கும்."

"ஓம். கேக்கும்."

தொலைபேசியை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி யோகமலர் வவுனியா வழக்கறிஞருக்கு எடுத்தாள். இராசரத்தினம் குனிந்தபடி சொன்னார்: "அந்தப் பிள்ளை இணையேல்லை. பிடிச்சது."

"ஆர் பிடிச்சது?" என்றது மறுமுனை.

இதைத் துணிவு என்று சொல்ல முடியாது. அதற்குரிய நாள் போன கார்த்திகையோடு போய்விட்டது. ஆனாலும் 'அவை' என்று மற்றவர்களைக் காட்டித் தப்புவதற்கு அவருக்கு இடமிருந்தது.

"நாங்கள்" என்றார்.