மாமாவின் பங்கு

பிள்ளைகள், அந்த ஜனவரியில் நம் வீட்டில் நடந்ததைப் பற்றிப் பெரியவளைக் கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறாள். சின்னவளுக்கு ஞாபகமே இல்லை. அம்மா அதைப் பேச விரும்புவதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை உள்ளபடி எழுதி வைக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

லண்டனுக்கு வருமுன் நான் பாரிசில் ஒரு பேக்கரியில் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். அங்கே புதுவருஷம் முடிந்த கையோடு ராசா கேக் தொடங்கிவிடும். குழந்தை யேசுவைப் பார்க்க மூன்று ராசாக்கள் வந்த திருநாளுக்கு அது. பட்டர் வைத்து மடித்து மடித்து உருட்டிய மாவில் இரண்டு வட்டம், நடுவே அரைத்த பாதாம், அதற்குள் விரல் நுனி அளவில் ஒரு பீங்கான் பொம்மை. பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ, அவர் அன்றைக்கு ராசா. தலையில் கடதாசிக் கிரீடம் வைப்பார்கள்.

இங்கே நான் வேலை செய்யும் பேக்கரிக்கும் அந்த வாரம் எல்லா நாட்டு ஆட்களும் வருவார்கள். ஸ்பானியர்கள் வளையமாக, மேலே சீனியில் ஊறிய பழம் பதித்துக் கேட்பார்கள். போர்த்துக்கல் ஆட்களுடையதில் ஒரு அவரைக் கொட்டை இருக்க வேண்டும். மெக்சிக்கோக்காரருக்குக் குழந்தைப் பொம்மை. அது கிடைத்தவர் பிறகு ஒருநாள் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் இப்படி ஒரு கேக் இருந்ததாம். இப்போது இங்கத்தைய ஆட்களிடம் கேட்டால் முழிப்பார்கள்.

பாரிஸ் முதலாளி இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவருடைய ஊரில் அந்தக் காலத்தில் ஒரு துண்டு கூட வெட்டி, வீட்டில் இல்லாத ஆளுக்கென்று எடுத்து வைப்பார்களாம். கடலுக்குப் போனவன், சண்டைக்குப் போனவன். துண்டு கெடாமல் இருந்தால் ஆள் சுகமாக இருக்கிறான். பூஞ்சணம் பிடித்தால்... அவர் மாவை உருட்டத் தொடங்கிவிட்டார்.

நான் விட்ட பிழை, இதைப் போய் உங்கள் அம்மாவிடம் சொன்னதுதான்.

அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, ஊரில் சண்டை முடிந்த வருஷம் காணாமல் போனவர். கண்டவரும் இல்லை, செத்தார் என்று சொன்னவரும் இல்லை. அதனால் அம்மா அவருடைய படத்துக்கு மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. வைத்தால் செத்துப்போனார் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். வால்தம்ஸ்டோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் புதுவருஷத்தன்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எத்தினை வருஷத்துக்கு உப்பிடி இருக்கப்போறாய்? அவனுக்கு ஒரு திவசம் செய்வம். மாசம் முடியமுதல் ஓமோ இல்லையோ சொல்லு."

ஆறாம் திகதி நான் ஒரு ராசா கேக் கொண்டுவந்தேன். பின்னேரம் நாலு மணி, வெளியே நல்ல இருட்டு. குசினி மேசையில் நாங்கள் நாலு பேர், ஐந்து கதிரை. அம்மா வெட்டினார். கை தவறி ஐந்து துண்டாக வந்துவிட்டது. அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் அந்த முதலாளியின் கதையைச் சொன்னேன்.

பிரெஞ்சுக்காரர் வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை மேசைக்குக் கீழே போய், எந்தத் துண்டு யாருக்கு என்று அங்கிருந்து சொல்ல வேண்டும். பொம்மை எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கூடாது அல்லவா? சின்னவள், உனக்கு அப்போது ஐந்து வயது. ஒரே சிரிப்போடு கீழே புகுந்தாய். நான் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் கேட்டேன்.

"இது ஆருக்கு?"

"அக்காவுக்கு!"

"இது?"

"அம்மாவுக்கு. அடுத்தது எனக்கு. அடுத்தது அப்பாவுக்கு."

கடைசித் துண்டைத் தொட்டேன். "இது?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமாவுக்கு."

"எந்த மாமாவுக்கு?"

"சப்பாத்துக் கழட்டாத மாமாவுக்கு."

நாங்கள் மூன்று பேரும் அந்த ஐந்தாவது கதிரையைப் பார்த்தோம். அதில் யாரும் இல்லை.

"அப்பா, இவள் ப்ராங்க் பண்ணுறாள்" என்றாள் பெரியவள். ஆனால் தன் கால்களைக் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மா எழும்பி, முன்கதவடியில் நாங்கள் சப்பாத்துக் கழற்றும் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பிஸ்கட் வந்த ஒரு தகரப் பேணியைக் கழுவித் துடைத்து, அந்தத் துண்டை அதற்குள் வைத்து மூடினார்.

"இது பழுதாகாட்டித் திவசம் இல்லை. பழுதானால் அக்கா சொல்லுறதுக்கு ஓமெண்டுறன்."

"விசர்க் கதை கதையாதையும். நான் பகிடிக்கல்லோ சொன்னனான்? கேக்குக்கு என்ன தெரியும்?"

"பிள்ளைக்கு என்ன தெரியும்? அவள் சொன்னவள்தானே."



பாதாம் வைத்த கேக் நம் ஈரக் குசினியில் ஐந்து நாள் தாங்காது. அது கேக் சுடும் போறணையடியில் நிற்கும் எனக்குத் தெரியும். அம்மாவோ ஒவ்வொரு நாள் காலையிலும் பேணியைத் திறந்து பார்க்கிறார். மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து புதுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஒருவரும் பார்க்காமல் மாற்றி வைத்தேன். பழையதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நோர்பரி பஸ் தரிப்பில் குந்தியிருந்து தின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி இருந்தாள். ஒரு ஆளுக்கு இல்லை, இரண்டு ஆளுக்கு இடம் விட்டு.

அப்படி நாலு தரம் மாற்றினேன். பிறகு எனக்குக் கடும் காய்ச்சல். ஒன்பது நாள் மேல் அறையில் கிடந்தேன். காய்ச்சல் தனக்கும் தொற்றி உங்களுக்கும் வந்துவிடும் என்று அம்மா உங்கள் அறையில் படுத்தார். ஒவ்வொரு காலையும் கீழே பேணியின் மூடி திறக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். இன்றைக்கு அம்மா அழப்போகிறார் என்று காது கொடுத்துக்கொண்டு கிடப்பேன். மூடி திரும்பவும் மூடும். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் எழும்பிப் போய்த் திறந்து பார்த்தேன். பட்டர் வாசம் வந்தது. ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை. விரலால் அமர்த்தினேன், மேல் தட்டு நொறுங்கியது, உள்ளே பாதாம் மெத்தென்று இருந்தது. அம்மா எங்கிருந்தோ வாங்கி மாற்றியிருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாசம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு பொய்யை வைத்து அவர் முடிவெடுக்கக் கூடாது என்று பட்டது.

"இஞ்சை, ஒரு விஷயம். உதை நான்தான் மாத்திக்கொண்டு இருந்தனான். நாலு தரம். பழசையெல்லாம் நானே திண்டனான்."

அம்மா கோபிக்கவில்லை. "தெரியும். நான் வெட்டினது கோணல். பேணிக்குள்ள இருந்தது பேக்கரிக்காரன்ர நேர் வெட்டு."

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"நீங்கள் மாத்திற வரைக்கும் நான் முடிவு சொல்லத் தேவையில்லைத்தானே."

"சரி. காய்ச்சலுக்கு நான் படுத்திருக்கேக்கை நீர் எங்கை வாங்கினீர்?"

அம்மா என்னைப் பார்த்தார். "நான் ஒண்டும் வாங்கேல்லை. நீங்கள்தானே விடியப்புறத்தில படியிறங்கி வந்தனீங்கள்? நான் அறைக்குள்ள படுத்திருந்து கேட்டனான். பாரமான நடை. பாவம், முந்தியே வாங்கி வைச்சதை மாத்தக் காய்ச்சலோட இறங்குறார் எண்டு நினைச்சன்."

"நான் படியாலை இறங்கவே இல்லை."



பேக்கரிக்காரனாக நான் யோசித்துப் பார்த்தேன். பேணி பொய்லருக்குப் பக்கத்தில் இருந்தது. சூட்டில் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்காமல் விடலாம். ஆனால் அது காய்ந்திருக்கவில்லை. அந்த நடைச் சத்தமோ? பழைய வீடு, மரப் படி, சத்தம் போடும். அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அவன்ர பங்கை நாலு தரம் நீங்கள் திண்டிட்டியள். இது எனக்கு."

நின்றபடியே முழுதும் சாப்பிட்டார். அவசரப்படவில்லை. கையில் ஒட்டிய பொடியையும் விடவில்லை. கடைசியில், "இனி ஒவ்வொரு விடியவும் மூடியைத் திறந்து, என்ர தம்பி இருக்கிறானோ இல்லையோ எண்டு பாக்க என்னால ஏலாது" என்று சொல்லி, பெரியம்மாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, திவசம் வேண்டாம். ஈலிங் அம்மன் கோயிலுக்கு வா. தம்பியின்ர பேரில ஒரு அர்ச்சனை செய்வம்."

"அர்ச்சனை உயிரோட இருக்கிற ஆக்களுக்கடி."

"ஓம். அதுக்குத்தான் சொல்லுறன்."

பெரியம்மா இப்போது சத்தம் போடப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"பேர் மட்டும் காணாது, ஐயர் நட்சத்திரமும் கேப்பார்" என்றார் பெரியம்மா. குரல் உடைந்திருந்தது. "எனக்கு மறந்துபோச்சு. உனக்கு ஞாபகம் இருக்கே?"

"சதயம்" என்றார் அம்மா.