வாளிகொண்டு இறைத்த மைதானம்

அகில இந்திய மகளிர் கல்லூரிக் கால்பந்துப் போட்டி அந்த ஆண்டு பாளையங்கோட்டையில் நடந்தது. எங்கள் அணியில் நான் தடுப்பாட்டக்காரி. காலிறுதியில் வடகிழக்கிலிருந்து வந்த அணியைச் சந்திக்க வேண்டும்.

அன்று விடிவதற்குள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது. என் ஊரான விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், ஒரு பக்கத்து கோல் கம்பத்துக்கு முன்னால் தண்ணீர் குளமாக நிற்கிறது. நடுவர் பந்தைப் போட்டுப் பார்த்தார். எழும்பாமல் மிதந்தது. மறுநாளே அரையிறுதி என்பதால் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வழியில்லை. மதியத்துக்குள் தரை தயாராகாவிட்டால் நாணயம் சுண்டி முடிவு செய்வோம் என்றார்கள்.

“மழைக்கு யாரு என்ன செய்ய முடியும்” என்றார் எங்கள் பயிற்சியாளர் மேடம்.

கேப்டன் தச்சநல்லூர்க்காரி. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “சுண்டிப் போட்டு ஜெயிச்சா எனக்கு வேண்டாம் மேடம். தண்ணிய நாங்க கோரிருதோம்.”

“ஏட்டி, இது என்ன தொட்டியா?” என்றேன்.

“பேசாம வாளி எடுத்துட்டு வா.”

மைதானத்தை ஒட்டிய மாணவியர் விடுதியிலிருந்த வாளிகளெல்லாம் வந்தன. எதிரணிப் பெண்கள் கொட்டகையில் நின்று முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் இறங்கி வந்து என் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். “அங்கன ஊத்து” என்று கை காட்டினேன். ஊற்றினாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எதிரே மரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி மரத்தூள் மூட்டைகளைக் கொடுத்தனுப்பினார். ஈரத்தின் மேல் அதைப் பரப்பினோம்.

நடுவர் மறுபடி பந்தைப் போட்டார். முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. தலையசைத்தார்.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினேன். என்னோடு வாளி தூக்கியவளின் விரல்களைத் தாண்டி உள்ளே போனது. ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொரு கோல் வாங்கித் தோற்றோம்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேப்டன் வந்து கை கொடுத்துத் தூக்கினாள்.

“அடுத்த வருசம் எந்த ஊர்ல வச்சாலும் போவோம். காலையில பிராக்டிஸ் இருக்கு, வந்துரு.”

மறுநாள் உடம்பெல்லாம் வலி. முதல் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரித் திடலுக்குப் போனபோது, பாதிப் பேர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள்.