ஏழுமலையின் டவரைத் தேடிய நாள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனபோது, வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம். திருவண்ணாமலையில் ஒரு செல்போன் கம்பெனியின் மாவட்ட ஆபீஸில் நான் சிஸ்டம் இன்ஜினியர்.

அந்தப் பெண் மல்லிகா. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கிரிவலம் போன கணவர் ஏழுமலை வீடு திரும்பவில்லை.

"ராத்திரி பூரா ரிங் போச்சு சார், எடுக்கல. விடிஞ்சதும் சுவிட்ச் ஆஃப்னு வருது. அவரு வண்டி பஸ் ஸ்டாண்டு கிட்டயே நிக்குது" என்றார்.

கடைசியாக அந்த போன் எந்த டவரில் இருந்தது என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

ஒரு போன் டவர் மாறினாலும், அழைப்பு வந்தாலும் லாக் என்கிற சிஸ்டம் பதிவு ஃபைலில் ஒரு வரி விழும். பௌர்ணமியன்று ஊரே போனோடு மலையைச் சுற்றும். லாக் ஊதிப் பெருத்திருக்கும். அதில் தேட ஹெட் ஆபீஸ் ஒரு டூல் கொடுத்திருந்தது. நம்பரைப் போட்டு ஓட விட்டேன். மத்தியானம் ஆகியும் கால்வாசி தாண்டவில்லை. இது மெதுவாக ஓடுகிறது என்று முன்பே மெயில் போட்டிருந்தேன். எப்போதோ வருகிற வேலைக்கு இது போதும் என்று பதில் வந்திருந்தது.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புரோகிராமைத் திறந்து படித்தேன். ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டாகப் பிரித்து, தேதியை மாற்றி, டவர் எண்ணுக்குப் பெயர் தேடி, அதற்குப் பிறகுதான் நம்பர் பொருந்துகிறதா என்று பார்த்தது. பொருந்திய வரியைக் காட்டும்போது மறுபடி முதலிலிருந்து பிரித்தது. சாக்கின் மேலேயே பெயர் எழுதியிருக்க, மண்டியில் உள்ள அத்தனை சாக்கையும் அவிழ்த்துக் கொட்டித் தேடுகிற வேலை.

மேனேஜர் வரதனிடம் போய், மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"குமாரு, அது ஹெட் ஆபீஸ் டூலு. தப்பா ஒரு டவரக் காட்டுச்சுன்னா அவங்க வேற எங்கயாவது போய்த் தேடுவாங்க. யாரு பதில் சொல்றது?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மல்லிகா தெரிந்தார். கான்ஸ்டபிள் வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கிடந்தது. வரதன் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, "ஒரு காப்பி எடுத்து அதுல பண்ணு. சின்ன ஃபைல்ல பழசையும் புதுசையும் ஓட விடு. ரெண்டும் ஒத்துப்போனாதான் எங்கிட்ட வா" என்றார்.

மாற்றம் பெரிதில்லை. வரியைப் பிரிக்காமலேயே, அதில் நம்பர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வைத்தேன். இல்லையென்றால் அப்படியே தள்ளிவிடும். இருந்தால் ஒரே தடவை பிரித்து, அதையே வைத்துக்கொள்ளும். சின்ன ஃபைலில் இரண்டு டூலும் ஒரே பதிலைக் கொடுத்தன. வரதனிடம் காட்டிவிட்டு, பெரிய லாகில் ஓட விட்டேன். மல்லிகாவை உள்ளே கூப்பிட எழுந்தேன். கதவை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அடி அண்ணாமலை டவர். அதிலும் ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக இருக்கும் ஆன்டெனாக்களில், பாதையை விட்டு விலகி, வயல் பக்கம் பார்த்த ஆன்டெனா.

கான்ஸ்டபிள் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னார். சாயங்காலம் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாழுங்கிணற்றில் ஏழுமலையைக் கண்டுபிடித்தார்கள். இருட்டில் பாதையை விட்டு ஒதுங்கப் போனவர் விழுந்திருக்கிறார். உயிர் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கணவரின் நம்பரை நிறுத்தச் சொல்லி மல்லிகா ஆபீஸுக்கு வந்தார். என் மேஜை முன்னால் நின்று கேட்டார்.

"காலைலயே வந்தேனே சார். காலைலயே கண்டுபிடிச்சிருக்க முடியாதா?"

"டூலு சரியா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்மா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்போ பொழச்சிருப்பாரா?"

"தெரியலம்மா."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாற்றத்தை ஹெட் ஆபீஸ் எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பியது. தேடும் வேகம் கூடியிருப்பதாக மெயிலில் பாராட்டு வந்தது. வரதன் அதைப் படித்துவிட்டு ஸ்கிரீனை அணைத்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால், அது முடியும்வரை யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். 'பரவாயில்லை, ஓடட்டும்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு.