நெய்வேலியில் பழைய கட்டடங்களுக்கு ஒரு விழா: கொசுவக் கூரை ஹால்

தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாமரங்களைச் சாய்த்துவிட்டுப் போன மூன்றாம் வருடம், ஆவணி மாதம், நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய கட்டடங்களுக்கென்று மூன்று நாள் விழா நடத்தினார்கள். சாமிக்கு விழா பார்த்திருக்கிறேன், மாட்டுக்கு விழா பார்த்திருக்கிறேன். கட்டடத்துக்கு விழா என்றதும் போய்ப் பார்க்க ஆசை வந்தது. சம்மந்தியும் போன் போட்டு, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் தமிழரசி தன் வலைப்பூவில் தட்டுகிறாள். அவள் வாழ்க்கைப்பட்டதே அந்த டவுன்ஷிப்பில்தான். அவளுடைய மாமனார் ராஜமாணிக்கம்தான் நான் சொல்லும் சம்மந்தி. அவரைப் பற்றி வரும் இடங்களில் இவள் விரல் தயங்குகிறது. நான் விடுவதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை திருவதிகையிலிருந்து கிளம்பினேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து முத்தாண்டிக்குப்பம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் பதினாறு ரூபாய், ஒரு மணி நேரம். முந்திரித் தோப்பு பார்த்துக்கொண்டே போகலாம். புயலில் விழுந்த மரங்களுக்குப் பக்கத்தில் புதுக்கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, பலாப்பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடவா பெரியவரே என்று கேட்டார். சம்மந்தி வூட்டுக்கு வெறுங்கையோடு போவ முடியுமா என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார், டிக்கெட் போடவில்லை.

டவுன்ஷிப்புக்குள் பஸ் நுழைந்ததும் வெயில் குறைந்ததுபோல இருக்கும். சாலை நூல் பிடித்ததுபோல நேராகப் போகும். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். எல்லா வீடும் ஒன்றுபோலவே இருக்கும், பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் வைத்துத்தான் தேட வேண்டும். வாலிபத்தில் நான் சைக்கிளில் பலாச்சுளை கட்டிக்கொண்டு இந்தத் தெருக்களில் விற்றவன். நம்பர் தெரியாத எனக்கு வாசல்தான் அடையாளம். மாடத்தில் மயில் பொம்மை வைத்த வீடு, சாமந்தி வீடு, மலையாளத்து அம்மா வீடு என்று வைத்துக்கொள்வேன். இப்போது மயிலும் இல்லை, சாமந்தியும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்துத்தான் சம்மந்தி வீடு போய்ச் சேர்ந்தேன்.

போனவுடனே விஷயம் தெரிந்தது. டவுன்ஷிப் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு ஒரு பழைய ஹால் இருக்கிறது. மழை வந்தால் ஒழுகும். அதை இடித்துவிட்டு ஏசி போட்ட மண்டபம் கட்டலாம் என்று சங்கத்தில் பாதிப் பேர். கூடாது என்று பாதிப் பேர். கூடாது என்பவர்களுக்குத் தலைவர் நம் சம்மந்தி. சென்னையிலிருந்து ஒரு என்ஜினீயரை வரவழைத்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். விழாவின் கடைசி நாள் அவர் முடிவு சொல்வார். சம்மந்தியின் இரண்டாவது பையனுக்குத் தை மாதம் அதே ஹாலில் கல்யாணம் என்று நாள் குறித்து, பத்திரிகையும் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

சம்மந்தியம்மா காபி கொடுத்துக்கொண்டே சொன்னார். “வீட்டுல ஒழுகுற குழாயைப் பாக்க நேரம் இல்லை. ஊர் ஹால் ஒழுகுறதுக்கு இவருக்கு ராத்தூக்கம் போச்சுங்க.”

சம்மந்தி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுப் பொருட்காட்சி. அனுமதி இலவசம். வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி, கால் சாய்ந்த மர டீப்பாய், முன்பக்கம் துணி கட்டிய வால்வு ரேடியோ, மூன்று தட்டு எவர்சில்வர் டிபன் கேரியர். அந்த நாற்காலியில் ஒரு சாமான் கூட வீண் இல்லை என்பதைப் பாருங்கள். ஒரு கம்பியை வளைத்துக் காலும் கையுமாக ஆக்கி, நடுவில் ஒயரைப் பின்னிவிட்டார்கள். உட்கார்ந்தால் முதுகுக்குக் காற்று வரும். ஐம்பது வருடமாகியும் ஆடவில்லை. பண்ருட்டியில் இப்போது விற்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு கல்யாணம் தாண்டுவதில்லை.

இரண்டாம் நாள் சனிக்கிழமை, வீடு பார்க்கும் நடை. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று கிலோமீட்டர். பாண்டிச்சேரியிலிருந்து வந்த கட்டடக்கலை மாணவிகள் கூட்டிப் போனார்கள். இதை நீங்கள் தவறவிடக் கூடாது. குடியிருக்கும் வீடுகளுக்குள்ளேயே விட்டார்கள். ஜன்னலுக்கு மேலே சிமெண்டுப் பலகை எவ்வளவு நீண்டிருக்கிறது, சித்திரை வெயில் உள்ளே வராமல் மார்கழி வெயில் மட்டும் எப்படி வருகிறது என்று ஒரு பெண் கையை நீட்டிக் காட்டிச் சொன்னாள். சமையலறைச் சுவரில் ஓட்டைக் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாகப் புகை வெளியே போகிறது, காற்று உள்ளே வருகிறது. தரையில் சிவப்பு சிமெண்டு, தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிறது. பணக்காரனுக்குக் கட்டியதில்லை, ஷிப்ட் வேலைக்காரனுக்குக் கட்டியது. அதற்கே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான்காவது வீட்டு கேட்டில் ஒரு அம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருக்கிறார். விழா நடத்துகிறவர்கள் அதைக் கேட்டு வைக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தால் அந்த அம்மா விடவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்படி கை காட்டினார். நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வீட்டைச் சுற்றி வந்தோம். மாணவி விளக்கத்தை ரகசியம்போல முணுமுணுத்தாள். உள்ளறையில் அவர் குறட்டை விட்டபடி இருந்தார். நான் பார்த்த வீடுகளிலேயே எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அதுதான்.

அன்று மாலை ஹாலில் கூட்டம். அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரை ஓடும் இல்லை, தட்டையான தளமும் இல்லை. பெண்கள் புடவைக் கொசுவத்தைச் செருகுவதற்கு முன் விரலால் மடித்துப் பிடிப்பார்களே, அப்படி கான்கிரீட்டை மடித்திருக்கிறார்கள். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அந்த மடிப்பு கொடுக்கும் பலத்தில் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எண்ணூறு பேர் உட்காரலாம். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு மடிப்பும் தனித்தனி நிறமாகத் தெரியும். பார்க்கப் போகிறவர்கள் ஐந்து மணிக்கு மேல் போங்கள்.

சம்மந்தி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இருபது வயதில் நிலக்கரி மைன்ஸுக்கு வெல்டராக வந்தவர். ஹால் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “உங்களுக்குத் திருவதிகை கோயில் இருக்கு, சம்மந்தி. நாங்க எட்டு ஜில்லாவுலேருந்து வந்தவங்க. எனக்குக் கல்யாணம் ஆனது இங்கதான். எங்கப்பா செத்ததுக்கு ஊரிலேருந்து யாரும் வர முடியலை, பதினாறாம் நாள் இங்கதான் எல்லாரும் உக்காந்து சாப்பிட்டாங்க. இதை இடிச்சா நான் எந்த ஊர்க்காரன்னு சொல்லிக்கறது?”

ஏழு மணிக்குள் ஹால் நிறைந்துவிட்டது. மேடைக்கு முன்னால் இடதுபக்கம் மட்டும் ஆறேழு நாற்காலி போடும் அளவுக்கு வெறும் தரை. அது ஒழுகும் இடம். என் மகள் கல்யாணத்தில் அங்கே ஒரு அண்டாவை வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் பந்திப் பாயே விரித்தார்கள். டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைகள், மழை இல்லாத நாளில்கூட அங்கே உட்கார மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அவ்வளவு பழகிப்போனதால், கூட்டத்துக்கு நாற்காலி போட்ட பாண்டிச்சேரி மாணவிகளிடம் அதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடை நன்றாகத் தெரியும் இடம் காலியாக இருக்கிறதே என்று, அவர்கள் சிறப்பு விருந்தினர் நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

என்ஜினீயர் ஒரு அம்மா. பெயர் கல்பனா, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். வந்தார், கும்பிட்டார், உட்கார்ந்தார். சம்மந்தி மைக்கைப் பிடித்து, இந்த ஹாலுக்கு ஒரு குறையும் இல்லை, சின்னச் சின்ன ரிப்பேர்தான் என்று பேசிக்கொண்டிருக்கும்போது இடி இடித்தது. ஆவணி மழை, சொல்லிக்கொண்டா வரும்? சம்மந்தி அப்போதுதான் நாற்காலி இருக்கும் இடத்தைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. ஹால் முழுக்க எல்லார் பார்வையும் அங்கே போனது. இடிக்கச் சொன்னவர்கள் எதற்குச் சொல்லப் போகிறார்கள்? சம்மந்தி தரப்பிலும் எழுந்து போய்ச் சொல்ல ஒருவருக்கும் கால் வரவில்லை. சொன்னால் ஒழுகுகிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முதல் சொட்டு அந்த அம்மாவின் தோளில் விழுந்தது. அவர் மேலே பார்க்கவே இல்லை. எழுந்தார், நாற்காலியைத் தூக்கினார், பின்னால் இரண்டு அடி, வலப்பக்கம் ஒரு அடி நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் காலால் ஒரு சாண் தள்ளிவிட்டார். அடுத்த சொட்டு சரியாக வாளிக்குள் விழுந்தது.

சம்மந்தி மைக்கிலேயே கேட்டுவிட்டார். “நீங்க எந்த பிளாக்கும்மா?”

“பதினேழு” என்றார் அந்த அம்மா.

ஹாலே சிரித்தது. இடிக்க வேண்டும் என்று சொன்னவர்களும் சிரித்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்ததை அவர் வேண்டுமென்றேதான் யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சிரிப்பு அடங்கியதும் எழுந்து நின்றார். “எங்கக்கா கல்யாணமும் இங்கதான் ஆச்சு. அதுக்காக நாளைக்கு நான் பொய் சொல்லுவேன்னு யாரும் நெனைக்காதீங்க” என்றார். சம்மந்தி முகத்தில் வந்த தெளிச்சி அப்படியே போய்விட்டது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. (இதை எழுத வேண்டாம் அப்பா என்கிறாள் தமிழரசி. எழுதம்மா என்றேன்.)

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏணி வைத்து அந்த அம்மா கூரைமேல் ஏறினார். கீழே நாங்கள் இருநூறு பேர் இருப்போம். இரண்டு ஆட்களை விட்டு ஒரு மடிப்பின் பள்ளத்தில் உளியால் வெட்டச் சொன்னார். வெட்ட வெட்டப் பழைய கலவை அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தது. ஒழுகுகிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் புது கான்ட்ராக்ட்காரர் வந்து பழையதை எடுக்காமல் அதன்மேலேயே ஒரு கலவை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சங்கமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தண்ணீர் ஓடுவதற்கென்று விட்ட பள்ளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஒழுகாமல் இருக்கப் போட்டதே தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது.

பத்தரை மணிக்கு இறங்கி வந்தார். மைக் இல்லாமல் சொன்னார். “கட்டினவங்க தப்பா கட்டலை. இடிக்க வேண்டாம். மேல இருக்குற பாரத்தை எறக்கணும், ஒரு மடிப்புல கம்பி துருப்பிடிச்சிருக்கு, அதை மாத்தணும். எப்படியும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இதுக்கடியில ஒருத்தரும் கூடக்கூடாது. இன்னைக்கே பூட்டணும்.”

கூட்டத்தில் கைதட்டல். சம்மந்தி தட்டவில்லை. கிட்டே போய், “தை மாசம் என் பையன் கல்யாணம் இங்கதாம்மா. அதுவரைக்கும் விட்டுட்டு அப்புறம் பூட்டலாமா?” என்று கேட்டார். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அம்மா கூரையைக் கை காட்டினார். “மழைக்காலம் முழுக்கத் தண்ணி ஏறி நிக்கும். எண்ணூறு பேரை உள்ள உக்கார வெச்சுட்டு நீங்க தாலி எடுத்துக் குடுப்பீங்களா?”

சங்கத்துச் சாவி சம்மந்தி இடுப்பில்தான் இருந்தது. போய் விளக்குகளை அணைத்தார், ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தினார், பெரிய கதவை இழுத்துப் பூட்டினார். நான் பக்கத்தில் போய், “திருவதிகை கோயில்ல வெச்சிக்கலாம் சம்மந்தி. எல்லாம் நான் பாத்துக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்கினு இருக்காதீங்க” என்றேன்.

“வேணாங்க” என்றார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வாசல் படியைக் காட்டினார். “இங்கயே பந்தல் போடறேன். பூட்டுன கதவுக்கு முன்னாடியே தாலி கட்டட்டும். அவனுக்கும் இதானே ஊரு.”

சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டவுன்ஷிப்பில் நடந்து பார்ப்பதுதான் நல்லது, நிழல் இருக்கிறது. தண்ணீர் கொண்டுபோங்கள். காலை வேளையில் யார் வீட்டு கேட்டையும் தட்டாதீர்கள், உள்ளே ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். குடியிருக்கும் வீட்டைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். போகவர எனக்கு ஆட்டோவோடு இருநூறு ரூபாய் ஆகவில்லை. இனி எப்போது விழா என்று தெரியவில்லை, ஆனால் கட்டடங்கள் விழா இல்லாத நாளிலும் அங்கேதான் இருக்கின்றன.

ஹாலுக்குள் ஒரு வருடம் போக முடியாது. வெளியே மைதானத்தில் நின்றாலே கூரை முழுதாகத் தெரியும். தை மாதம் போகிறவர்கள், வாசலில் பந்தல் இருந்தால் கல்யாண வீடாயிற்றே என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிட வேண்டாம். கூரையை நிதானமாகப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சம்மந்தி எழுதச் சொல்லியிருக்கிறார்.