பஞ்சக்காவும் வெறும் சுவரும்

விருதுக்கு எழுதிப் போட்டது நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் தேடிவந்து கேட்க வேண்டாம்.

எங்கள் பள்ளி நர்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பஞ்சக்கா. முழங்கால் சிராய்ப்போ, மூக்கில் ரத்தமோ, பரீட்சை அன்று மட்டும் வரும் வயிற்றுவலியோ, எதுவானாலும் முதலில் ஓர் உருண்டைப் பஞ்சு கைக்கு வந்துவிடும். வயிற்றுவலிக்குப் பஞ்சு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கையில புடிச்சுக்க ஏதாவது வேணுமில்ல டீச்சர்" என்றார். பஞ்சைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தாமாகவே எழுந்து வகுப்புக்கு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் என் வகுப்புக்குத்தான். நான் கணக்கு டீச்சர். என் பாடம் மட்டும் ஏன் எல்லோர் வயிற்றையும் பிடித்து இழுக்கிறது என்று எனக்கு உள்ளூர வருத்தம் உண்டு.

அவர் எங்களிடம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் வார்டில் இருந்தவர். கணவர் பஸ் டிரைவர். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இவர் வீடு திரும்புவார், இவர் கிளம்பும் நேரத்தில் அவர் வருவார். இரண்டு பையன்களும் அப்பா அம்மாவை ஒன்றாகப் பார்த்ததே கல்யாண போட்டோவில்தான் என்று கேலி பேசுவார்கள். அந்த ஓட்டம் போதும் என்றுதான் பள்ளிக்கு வந்தார்.

வந்த அன்று அவருக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கிழிந்த பந்துகளும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைக்கும் இடம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே காலி செய்தார். அறையில் தண்ணீர்க் குழாய் இல்லை. முதல் தலைமையாசிரியர் பார்க்கலாம் என்றார். இரண்டாமவர் மேலே எழுதியிருக்கிறேன் என்றார். மூன்றாமவரிடம் பஞ்சக்கா கேட்கவே இல்லை. யாருக்குக் காயம் பட்டாலும் ரத்தக் கையோடு நேரே தலைமையாசிரியர் அறைக்குள் போய் அவருடைய வாஷ்பேசினில் கழுவிவிட்டு வந்தார். நாலாம் நாள் குழாய் வந்துவிட்டது.

மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்துக் குழலை எப்படிப் பிடிப்பது என்று ஒரு மத்தியானம் ஆசிரியர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் கொட்டாவி விட்டதற்கு எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த மாதமே என் வகுப்பில் ஒரு பையன் உதடு நீலம் பாரித்து மூச்சுக்குத் திணறினான். அக்கா காட்டியபடியே குழலைப் பிடித்து அவனுக்கு மூச்சு வரவைத்தேன். அதற்குப் பிறகு அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

இப்படிப்பட்டவருக்கு விருது கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? பள்ளிகளில் சுகாதாரப் பணியை முன்நின்று நடத்துகிறவர்களைப் பாராட்டப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்ததும் நான் உட்கார்ந்து எழுதித் தள்ளிவிட்டேன். குழாய் கதை, மூச்சிரைப்புக் கதை எல்லாம் எழுதினேன். கடைசியில் என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஆண்டுதோறும் ஒரு பிள்ளைகூட விடாமல் கண் பரிசோதனை என்றும், அறுநூற்று நாற்பது பிள்ளைகளில் கண்ணாடி தேவைப்பட்டவர்கள் நாலே பேர் என்றும் எழுதி, அந்த நாலுக்குக் கீழே கோடும் போட்டேன். அறுநூற்று நாற்பதில் நாலு. கணக்கு டீச்சருக்கு அந்த எண் உறுத்தியிருக்க வேண்டாமா? உறுத்தவில்லை. பெருமையாக இருந்தது.

அக்கா பெயர் கடைசிச் சுற்றுக்குப் போனது. புதன்கிழமை இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அறைக்கு வெளிர்மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். என் ஐந்தாம் வகுப்பைத்தான் கண் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. வந்தவர்கள் முன்னால் எவனாவது எவளாவது தேவையில்லாமல் வாய் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தேன். என் மிரட்டல் நன்றாகவே வேலை செய்யும்.

அந்தப் பரிசோதனை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அறை நீளம் போதாது. அதனால் பிள்ளை வெளியே நடையில் போட்ட கோட்டில் நின்று, திறந்த கதவு வழியாக எதிர்ச்சுவரில் மாட்டிய எண் அட்டையைப் படிக்க வேண்டும். மேலே பெரிய எண்கள், கீழே வரவரச் சின்ன எண்கள். மற்ற பிள்ளைகள் பின்னால் வரிசையாக நிற்பார்கள். அக்கா பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மறைத்துப் பிடிப்பார். விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் அல்லவா, அதனால் கண்கொத்திப் பாம்பாக அந்தக் கண்ணையேதான் பார்ப்பார். சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டார். எண்கள் அவருக்கு மனப்பாடம். காதால் கேட்டே டிக் போடுவார்.

புதன்கிழமை ஒரு பெண் டாக்டரும், கையில் ஃபைலோடு ஓர் அதிகாரியும் வந்தார்கள். இருவரும் மேஜையில் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதலில் நின்றவள் முக்கு இஸ்திரிக் கடைக்காரரின் மகள். அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்ததும் நான்தான். போர்டில் மூன்று என்று எழுதினால் நோட்டில் எட்டு என்று எழுதுவாள். அக்கா வலது கண்ணை மறைத்தார். அவள் கணீரென்று தொடங்கினாள். ஏழு, நாலு, ரெண்டு. ஒன்பது, அஞ்சு, மூணு, எட்டு. கடைசி வரி வரைக்கும் ஒரு தப்பு இல்லை. அக்கா டிக் போட்டார்.

நான் சும்மா, பெயின்ட் எப்படி வந்திருக்கிறது என்று சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயின்ட் காயட்டும் என்று பியூன் அட்டையைச் சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறான். அக்கா இடது கண்ணை மறைக்க, அவள் அதே வெறும் சுவரைப் பார்த்து மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். பின்னால் நின்ற முப்பத்தேழு பேரும் என் மிரட்டலுக்குப் பயந்து வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கயிறு தாண்டும்போது ஏழு நாலு ரெண்டு என்று பாடுவதை எத்தனை இடைவேளைகளில் கேட்டிருக்கிறேன்! என்ன விளையாட்டோ என்று விட்டுவிட்டேன்.

அக்காவின் கையைப் பிடித்துச் சுவரைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரிகள் இன்னும் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர்கள் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று காதோடு சொன்னேன். ஆமாம், சொன்னேன். அந்த நிமிஷம் எனக்கு விருதுதான் கண்ணில் நின்றது.

அவர் என்னைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் முன் குனிந்தார்.

"கண்ணு, அந்தச் செவுத்துல என்ன தெரியுது?"

"நம்பர் அட்டைக்கா."

"நல்லாத் தெரியுதா?"

அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "எப்பவும் எப்படித் தெரியுமோ அப்படித்தாங்க்கா தெரியுது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அவசரக்குடுக்கை இல்லை. என் போர்டும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அவளைத் திட்டி, தலையில் குட்டி, கடைசி பெஞ்சுக்குத் துரத்தியவள் நான்.

அக்கா நேராக மேஜைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கூட வந்த அதிகாரி நல்ல மனுஷர்தான் போல, சங்கடத்தோடு நெளிந்தார்.

"இதை நாங்க பார்க்கலன்னு வச்சுக்கலாம்மா" என்றார்.

"நானும் பதினோரு வருஷமா பார்க்கலீங்க" என்றார் அக்கா. "அதுதானே பிரச்சனை."

ஃபைலில் மேலே இருந்த தாள் நான் எழுதிய விண்ணப்பம். அதை உருவித் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் புதிதாக எண்கள் எழுதிச் சுவரில் ஒட்டினார். அவசரக்குடுக்கை, மன்னிக்கவும், அந்தக் குழந்தை, அப்போதும் ஏழு நாலு ரெண்டு என்றே தொடங்கினாள். டாக்டர் எழுந்துபோய்க் கதவோரமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

ஒன்பது நாள் ஆயிற்று பள்ளி முழுவதையும் மறுபடி பார்க்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு எண்கள். காலண்டர் தாள்களின் பின்பக்கங்களில் நான்தான் எழுதிக்கொடுத்தேன். நாலு பேர் என்று கோடு போட்டேனே, அது அறுபத்தொன்று ஆயிற்று. என் வகுப்பில் மட்டும் ஒன்பது. அதில் ஏழு பேர் கடைசி பெஞ்ச்.

அறுபது பேருக்குக் கண்ணாடியோடு போயிற்று. இஸ்திரிக் கடைக்காரர் மகளுக்குப் போகவில்லை. வலது கண்ணின் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போதுமாம், இடது கண்தான் பிறந்ததிலிருந்தே மங்கலாம். அந்தக் கண் காட்டுவதை மூளை வாங்கிக்கொள்வதையே கைவிட்டுவிட்டதாம். ஆறு வயதில் பிடித்திருந்தால் முழுசாக மீட்டிருக்கலாம், பத்து வயதில் கொஞ்சம்தான் நம்பிக்கை என்றார் கண் டாக்டர். ஆறு வயதில் அவளுக்கு எங்கள் அறையில் பரிசோதனை நடந்தது. இரண்டு கண்ணுக்கும் டிக்.

இதை அவள் அப்பாவிடம் தானே சொல்வதாக அக்கா ஒற்றைக்காலில் நின்றார். நானும் கூடப் போனேன். தெருமுனையில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. ஒரு வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டே அவர் கேட்டார். அக்கா சொல்லி முடித்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"வருஷா வருஷம் நீங்கதானேம்மா நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க" என்றார். "அவ அம்மா அதையெல்லாம் எடுத்து வச்சிருக்கா."

"ஆமாங்க. நான்தான் எழுதினேன். பார்க்காம எழுதிட்டேன்."

அவர் அந்தச் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். திரும்பி வரும்போது அக்கா வழியெல்லாம் அழுதார். நானும் அழுதேன். யாரை யார் தேற்றுவது?

மறுநாளிலிருந்து அவளுடைய நல்ல கண்ணை ஒட்டி மறைத்து, மங்கல் கண்ணால் பார்க்கவைக்கும் வைத்தியம் தொடங்கியது. மறைப்பைப் பிய்த்துவிடுகிறாளா என்று அக்கா தினமும் முதல் மணிக்கே வந்து எட்டிப் பார்ப்பார். முதல் பெஞ்சில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்றை மூன்று என்று எழுத முயல்வதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முக்கால்வாசி நாள் வராது.

இதற்கு நடுவில் கடிதம் வருகிறது, விருது அக்காவுக்குத்தான் என்று. அந்த டாக்டர் விடாப்பிடியாக நின்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். மறைக்காமல் சொல்லி, அறுபத்தொரு பிள்ளைகளைக் கண்டுபிடித்தவர் என்று அதில் எழுதியிருந்தது. அக்கா கடிதத்தை என்னிடமே நீட்டினார். விருது வேண்டாம், அதற்குப் பதில் மேடையில் பத்து நிமிஷம் கேட்டு எழுதுங்கள் என்றார். எழுதினேன். இந்த முறை எதற்கும் கோடு போடவில்லை.

பெரிய ஹால். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் நர்ஸுகள் அறுபது பேர் இருந்திருப்பார்கள். போன வருஷம் இதே விருதை வாங்கியவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் இருந்தேன். அக்கா மைக் முன்னால் வந்து நின்றார். வணக்கம் சொன்னாரா என்றுகூட எனக்கு நினைவில்லை.

"எல்லாரும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்குங்க" என்றார். "உங்க ரூம்ல இருக்கிற எண் அட்டையை, பார்க்காமலே சொல்லத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க."

லேசாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. முதலில் உயர்ந்த கை போன வருஷம் விருது வாங்கியவருடையது. பின்னால் ஒன்று, இரண்டு, பிறகு மளமளவென்று. பழக்கதோஷம், நான் எண்ணிக்கொண்டே போனேன். ஐம்பத்து மூன்று. பள்ளிக்கு அறுநூறு பிள்ளைகள் என்று என் மனசு தானாகப் பெருக்க ஆரம்பித்தது. விடை வருவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டேன்.