வாட்ச்சுக்காக ஓடிய தசரா லீவு

காதருகே வைத்து லேசாக ஆட்டினால் உள்ளே ஏதோ ஒன்று வழுக்கி உருளும் 'கிர்ர்' என்ற சத்தம்தான் எனக்கு அப்பாவின் சத்தம். அவர் படி இறங்கும்போதும், ஸ்கூட்டரை உதைக்கும்போதும், சாப்பாடு வர நேரமானால் மேசையில் இடது கையால் தாளம் போடும்போதும் அது அவர் மணிக்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாட்ச்சுக்குச் சாவி கொடுக்க வேண்டாம், கொடுக்க வழியும் கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு எடை இருக்கிறது, கை அசைய அசைய அது சுழன்று ஸ்பிரிங்கைத் தானே முறுக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த எடைக்கு 'ஊஞ்சல்' என்று பெயர்.

வாட்ச் அப்பா வாங்கியதல்ல. கப்பலில் சமையல் வேலை பார்த்த பெரியப்பா சிங்கப்பூரில் வாங்கியது; அவர் இறந்த பிறகு தம்பியின் கைக்கு வந்தது. பெரியப்பாவின் நினைவுப் பூசைக்கு முந்தைய வாரம் அதைச் சர்வீஸுக்குக் கொண்டுபோவது வருஷா வருஷம் நடக்கும். சிவாஜி நகரில் ஒரு சந்துக்குள் வாட்ச் ரிப்பேர் பாயின் கடை. அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து மூடும்வரை அப்பாவுக்கு வாட்ச்சை விட்டுவிட்டு வரவும் மனம் வராது, கடையில் உட்காரவும் முடியாது. சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்பார், நான் பின்னாலேயே குதித்துக்கொண்டு போவேன்.

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் கால்ல சக்கரம்" என்பாள் அம்மா. ஆனால் அப்பா எலக்ட்ரீஷியன், ஏணியில் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு என்பதால் அவருடைய சக்கரத்தை யாரும் குறை சொல்லவில்லை. திட்டெல்லாம் எனக்குத்தான். பள்ளியில் மிஸ் திட்டுவார்கள். மாதா கோயிலில் பிரசங்கத்தின்போது பின்வரிசையிலிருந்து யாராவது தோளில் கிள்ளுவார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி என் தலையைக் கண்டதுமே 'சும்னே கூத்கோ', சும்மா உட்கார், என்பார், நான் எதுவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தாலும். ஆஸ்டின் டவுனில் பொம்பளைப் பிள்ளையாகப் பிறந்துவிட்டு ஒரு இடத்தில் உட்காராமல் இருப்பது ஒரு வியாதி போலத்தான் அப்போது எனக்குச் சொல்லப்பட்டது.

அந்த வருஷம் செப்டம்பரில் மாதா திருவிழாவுக்குக் கோயில் முகப்பில் சீரியல் லைட் கட்டும்போது அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். வலது காலும் இடது தோளும் முறிந்தன. தோள்கட்டைப் பிரித்த பிறகும் கால் மாவுக்கட்டிலேயே இருந்தது. முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தவர் முதல் வேலையாக வாட்ச்சைக் கேட்டுக் கட்டிக்கொண்டார். இடது கையை அசைக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பழகாவிட்டால் தோள் அப்படியே இறுகிவிடும், அப்புறம் ஏணியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா அம்மாவைத் தனியாக அழைத்து எச்சரித்திருந்தார். அப்பாவோ வலிக்குப் பயந்து கையைத் தலையணைமேல் வைத்ததோடு சரி. யாராவது தொட வந்தால் சீறினார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், அந்த மனிதர் சும்மா கிடந்தார்.

மறுநாளே வாட்ச் நின்றுவிட்டது. அம்மா அதைப் பாயிடம் கொண்டுபோனாள். ஓடிக்கொண்டே வீடு வந்தது, அப்பா கையில் ஏறியது, மறுபடி நின்றது. இரண்டாம் முறை நின்றபோது அவர் பாயைத் திட்டவில்லை, அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அண்ணனோடது. அதுவே போதும்னு நின்னுடுச்சு. நான் எங்க எந்திரிக்கப் போறேன்" என்றார். வாட்ச் நின்றால் தானும் எழுந்திருக்க மாட்டோம் என்று அவருக்கு எப்படியோ மனத்தில் விழுந்துவிட்டது. எலும்பைவிட அது பெரிய முறிவு.

இந்த முறை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாய் வாட்ச்சைத் திறக்கவே இல்லை. "கடியாரத்துக்கு ஒண்ணும் இல்லமா. கைக்குத்தான் பீமாரி, சீக்கு" என்றார். கை அசையவில்லையென்றால் ஊஞ்சல் எப்படி ஆடும்? வலது கையில் கட்டச் சொல்லுங்கள் என்றார். அதை அம்மா ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தாள். சோறு தின்கிற கையில் வாட்ச் கட்டுவதா என்று அப்பா கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது.

சந்து முனையில் அம்மா நின்றாள். என் இடது கையைப் பிடித்து, வாட்ச்சை முழங்கைக்கு மேலே ஏற்றி, அது நழுவாமல் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். பிறகு, பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். "ஓடு."

அந்தத் தசரா லீவு முழுக்க ஓடினேன். சர்வீஸான வாட்ச்சுக்குக் காலை வேளையில் ரெஸ்ட் வேண்டுமாம், பாய் சொன்னார் என்று அம்மா கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி அதைத் தினமும் அப்பாவிடமிருந்து வாங்கி என் கையில் கட்டி அனுப்புவாள். மைதானத்தைச் சுற்றி ஓடினேன், பாண்டி ஆடினேன், பையன்களோடு பந்து பொறுக்கினேன், கேட்காத வீட்டுக்கெல்லாம் கடைக்குப் போய்வந்தேன். 'சும்னே கூத்கோ' ஆன்ட்டியின் வாசலை வேண்டுமென்றே பலமுறை தாண்டினேன். கைக்குட்டைக்குள் 'கிர்ர் கிர்ர்' என்று உருளும் ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு உயிர் ஊற்றுவதாகவே நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

வாட்ச் நிற்காததால் அப்பாவின் முகம் தெளிந்தது. ஆனால் பொய்க்கு ஒரு வால் உண்டு. வாட்ச் சரியாகிவிட்டது, இனி எல்லாம் தன்னால் சரியாகும் என்று அவர் முன்னைவிட நிம்மதியாகக் கையை அசைக்காமல் கிடந்தார். அடுத்த முறை வந்த டாக்டரம்மா தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் சில வாரம் இப்படியே போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கோபமாகவே சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று அடுப்படியில் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் நின்றிருந்தாள்.

பிறகு ஒரு நாள் விடியலிலிருந்தே மழை. வெளியே போக வழியில்லை. ஊஞ்சல் நின்றுவிடுமே என்ற பதற்றத்தில் அடுப்படியில் கயிறு தாண்ட ஆரம்பித்தேன். பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. முன்னறையிலிருந்து அப்பா என் பெயரைச் சொல்லி அதட்டினார். பயந்து அவரிடம் ஓடினேன், கையில் கட்டியிருந்ததை அவிழ்க்காமலே.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைத்தான் பார்த்தார். பின்னால் வந்த அம்மா கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள். மழுப்புவாள் என்று நினைத்தேன்.

"வாட்ச்சுக்கு எப்பவும் ஒண்ணும் ஆகலீங்க" என்றாள். "உங்க கை அசையல, அதான் நின்னுச்சு. இப்ப இவ ஓடுறா, அது ஓடுது. நீங்க எப்ப ஓடப் போறீங்க?"

அப்பா என்னைக் கிட்டே வரச் சொல்லி முடிச்சை வலது கையாலேயே அவிழ்த்தார். வாட்ச்சை இடது மணிக்கட்டில் மாட்டினார். "இனிமே என் வாட்ச்ச நானே ஓட்டிக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தலையணையிலிருந்து ஒரு சாண் தூக்குவார், ஊஞ்சல் ஒரு முறை உருளும், வியர்த்துப்போய் இறக்குவார், திட்டுவார், மறுபடி தூக்குவார். அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. என் வேலை போய்விட்டது. மறுநாள் மழை விட்டதும் வெளியே பாய்ந்தவளை அம்மா பழையபடி கூப்பிட்டு, "ஒரு எடத்துல உக்காரு" என்றாள். அந்தக் கோபம் எனக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்கு அப்பா வாசலில் ஸ்டார் கட்டினார். கை முழுதாக மேலே போகவில்லை, காது மட்டத்தோடு நின்றுவிட்டது. பிறகு கடைசிவரை அவ்வளவுதான். அந்தக் கையோடுதான் ஏணி ஏறிப் பிழைத்தார்.

அவர் போன பிறகு வாட்ச் எனக்கு வந்தது. போன மாதம்தான் எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன், நின்றது. ஆட்டினால் ஓடும், மறுநாள் நிற்கும். பாயின் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். ஜெயநகரில் ஒரு கடையில் கொடுத்து சர்வீஸ் செய்தேன். திரும்பவும் நின்றது. இரண்டாம் முறை போனபோது அங்கிருந்த இளைஞர் ஏதோ கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், வாட்ச் பர்ஃபெக்டா இருக்கு. நீங்க வொர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மூன்று வருஷமாக அதே நாற்காலி, அதே திரை. அசைவது விரல்கள் மட்டும். பலரும் இப்படித்தான் வருகிறார்கள் என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினார். கரண்டில் ஓடுவது, வாட்ச்சை உள்ளே மாட்டிவிட்டால் அதுவே சுழற்றிக்கொண்டிருக்கும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அது மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை முட்டியது. சந்து போனது, பாய் போனார், அப்பா போனார், அதெல்லாம் போகக்கூடியவைதான். ஊர் முழுக்கத் திட்டியும் அடங்காத அந்தப் பெண்ணை யார் அடக்கினார்கள்? யாரும் திட்டவில்லை. நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாட்ச்சை இடது கையில் கட்டினேன். வெளியே கூப்பிட்டிருந்த ஆட்டோ வந்து நின்றது. வேண்டாம் என்று அனுப்பினேன், டிரைவர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று போன் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயநகரிலிருந்து வீடு இருக்கும் ஆஸ்டின் டவுன் ஒன்றும் பக்கமில்லை. கையை வீசி வீசி நடந்தேன்.