கட்டிவிட ஓர் ஆள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஹெலனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்தம்மா யாரிடமும் எதுவும் கேட்காது. சர்க்கரை தீர்ந்துபோனால் சர்க்கரை இல்லாத டீயைக் குடிக்கும். கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வரும். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி ஏறிய புருஷன் ஸ்டீவன், நெல்லூர்ப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்த அன்றும் அவள் ஷிப்டுக்குப் போனவள். பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில், அச்சிலிருந்து வரும் மூடிகளின் விளிம்பில் பிசிறு அறுக்கும் வேலை. தன் கையே தனக்கு உதவி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எந்தக் கை என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் ஒரு நாள் வேலை நடுவில் பிளேடு கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையின் இடது பாதியில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். குழறிய பேச்சு திரும்பியது, கால் தேறியது. வலது கைதான் செத்த மீன் மாதிரி மடியில் கிடந்தது. விரல் நுனிகள் மட்டும் லேசாக அசையும்.

இடது கை இருக்கிறதே, அது மகா கெட்டிக்காரக் கை. கொஞ்ச நாளிலேயே சோறாக்கவும் துணி அலசவும் பழகிக்கொண்டது. அதைக் கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் மூடியை ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை அறுக்க வேண்டும். ஒற்றைக் கைக்காரிக்குக் கம்பெனியில் இடமில்லை; கை தேறினால் வா என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் அந்த அறையில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வேலையில் இருக்கும்போதாவது பக்கத்து மெஷின்காரி எதையாவது திட்டிக்கொண்டிருப்பாள், காதில் விழும். இங்கே அதுவும் இல்லை. ஹெலனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் காந்தம் வைத்துக் கையை எழுப்பப் பார்க்கிறார்கள் என்று உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினார். ரயில் பிடித்துப் போனாள். காதுத் தோட்டையும் ஹேர்பின்னையும் கழற்றச் சொன்னார்கள். எட்டு வடிவத்தில் வளைத்த ஒரு கனத்த சாமானை டெக்னீஷியன் அவள் தலையின் வலது பக்கம் கொண்டுபோனார்.

"தப்பான பக்கம் வெக்கிறீங்க சார். அடிபட்டது இந்தாண்ட" என்று அவள் இடது பக்கத்தைக் காட்டினாள். வலது முட்டி வலிக்கு இடது முட்டியில் தைலம் தேய்க்கிற ஆட்களிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நினைத்தாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் விளக்கினார். மூளை இரண்டு பாதி. நடுவில் நரம்புகளால் ஆன ஒரு பாலம். ஒரு பாதி வேலை செய்யும்போது மற்றதை 'நீ சும்மா இரு' என்று அடக்கும்; மற்றதும் பதிலுக்கு அடக்கும். அப்படித்தான் இரண்டும் சமமாக நடக்கின்றன. அடிபட்ட பாதிக்கு இப்போது பதில் சொல்லத் தெம்பில்லை. நல்ல பாதியோ பாலத்தைத் தாண்டி அதட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் நல்ல பாதியைக் காந்தத்தால் கொஞ்ச நேரம் அமைதிப்படுத்துகிறோம். நோஞ்சான் தலைதூக்குகிறதா பார்ப்போம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றும் சொன்னார்.

இரும்பு ஷட்டரில் காசால் தட்டுவது போல டக், டக் என்று சத்தம். வலி இல்லை. ஹெலன் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டீவனை ஒரு பை தூக்கக்கூட விட்டதில்லையே என்று நினைத்தாள். விடு, நானே பார்த்துக்கிறேன். எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஓடிப்போனவன் செய்தது அயோக்கியத்தனம்தான், அதில் மாற்றமில்லை. இருந்தாலும் நினைத்தாள்.

காந்தம் மட்டும் போதாதாம். வீட்டில் தினமும் நல்ல கையைக் கட்டிப்போட்டு, விளங்காத கையால் வேலை செய்ய வேண்டும். அதற்கென்று ஓர் உறை கொடுத்தார்கள். கெட்டிக்காரக் கை அதற்குள் அடங்குமா? குழம்பு பொங்கினால் போதும், பல் ஒரு இழு இழுக்கும், கை வெளியே வந்துவிடும். அப்படியானால் வீட்டு ஆட்களை விட்டு விரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டச் சொல்லுங்கள் என்றார்கள். ஹெலன் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வலது கையால் முடிச்சுப் போட முடியாது. இடது கை தன்னைத் தானே கட்டிக்கொள்ளாது. பழைய சேலையில் கிழித்த துண்டுடன் அவள் பக்கத்து அறை வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அங்கே ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து செல்போன் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பூமிகா தலைவாரிக்கொண்டிருந்தாள். ஹெலன் கையை நீட்டினாள். அந்தப் பெண் காயத்தைத் தேடினாள்.

"நல்லாதானே கீது ஆண்ட்டி. இத்த ஏன் கட்டணும்?"

ஹெலன் சொல்லிமுடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. வாழ்நாளில் ஒருத்தியிடம் கேட்ட முதல் ஒத்தாசை அது. பூமிகா ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று வலது கை தட்டில் இருந்த உப்புமாவைத் தரைக்குத்தான் ஊட்டியது. ஹெலன் அழுதாள். பல்லால் அவிழ்த்துவிடலாம்தான்; ஒருத்தி மெனக்கெட்டுப் போட்ட முடிச்சாயிற்றே, மனம் வரவில்லை. மதியம் வரை பொறுத்தாள்.

அதன் பிறகு தினமும் காலையில் பூமிகா வந்தாள். மணிக்கட்டைப் பிடித்து, துணியைச் சுற்றி, வலிக்கிறதா என்று கேட்டு, கேன்டீன் சாம்பாரையும் சூப்பர்வைசரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போவாள். ஹெலன் அதற்கு முன்பே எழுந்து இரண்டு டம்ளர் டீ போட்டு வைப்பாள். வருஷக்கணக்காக அவளை யாரும் தொட்டதில்லை. தொட்டவர்களும் ஆஸ்பத்திரி ஆட்கள். அந்தச் சின்னப் பெண்ணின் விரல்கள் மணிக்கட்டில் இருக்கும் நேரத்துக்காக மீதி நாள் முழுவதையும் தள்ளினாள்.

கை மெல்ல மெல்லத் தேறியது. கட்டைவிரல் வளைந்தது, கரண்டி நின்றது, ஈரத்துணியைப் பிழிய முடிந்தது. ஆஸ்பத்திரியில் இந்த முறை காந்தத்தை இடது பக்கம் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். வலது கட்டைவிரல் துள்ளியது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். இனிமேல் யாரும் கட்டிவிட வேண்டாம், நீங்களே கட்டிக்கொள்ளலாம், சீக்கிரம் வேலைக்கும் போகலாம் என்றார்.

ரயிலில் வரும்போது ஹெலனுக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுநாள் பூமிகா கை எப்படி என்று கேட்டபோது, "அப்டியேதான் கீதும்மா" என்று வலது கையை மடியில் தொங்கவிட்டாள். கம்பெனிக்கும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கையால் வெங்காயம் நறுக்கினாள். திருடி மாதிரி இருந்தது. இருந்தும் மறுநாளும் அதையே சொன்னாள், அதற்கடுத்த நாளும்.

ஒரு திங்கட்கிழமை பூமிகா முடிச்சுப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். கம்பெனி சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரகடத்தில் புது யூனிட் திறக்கிறது; அவளை லைன் லீடராகக் கூப்பிடுகிறார்கள்; ஹாஸ்டலும் உண்டு. இன்று பதில் சொல்ல வேண்டும். வரவில்லை என்று சொல்லப் போகிறாள்.

"ஏன்?"

"நான் போய்ட்டா உங்க கைய யாரு கட்டுவா? கை வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். இன்னா இப்ப."

முதலில் ஹெலனுக்குள் பொங்கியது சந்தோஷம்தான். அதை மறைத்துப் பயனில்லை. தனக்காக ஒருத்தி தங்குகிறாள்! அடுத்த நொடி அந்தச் சந்தோஷமே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்கும் வருவாள், நாளை மறுநாளும் வருவாள்.

பூமிகா வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தாள்.

"பூமி, இங்க பாரு" என்றாள் ஹெலன்.

மடியில் கிடந்த வலது கை எழுந்தது. முடிச்சின் நுனியைப் பிடித்தது, ஒரு தடவை நழுவவிட்டது, அவிழ்த்தது. துணியை உதறி இடது கையில் மறுபடி சுற்றியது. ஒரு நுனியைப் பல் பிடித்துக்கொள்ள, மறு நுனியை விரல்கள் வளைத்து இழுத்து இறுக்கின. பூமிகா போட்டதைவிட ஒழுங்கான முடிச்சு.

பூமிகா அந்த முடிச்சையே பார்த்தாள். "எப்பத்திலேர்ந்து?" என்றாள்.

"ரொம்ப நாளா. நீ வரணும்னுதான் சொல்லல."

அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் வந்தது, போனது. என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது.

"போய், ஒரகடத்துக்கு வரேன்னு சொல்லிடு. அந்த வேலைய வுட்டுடாத" என்றாள் ஹெலன்.

பூமிகா இரண்டடி உள்ளே வந்தாள். கட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவள் கைகள் சும்மா தொங்கின. பிறகு திரும்பி ஓடினாள்.

பஸ் கிளம்பி நெடுஞ்சாலைச் சத்தத்தில் கரையும்வரை ஹெலன் நின்றாள். அப்புறம் வலது கையால் கதவைச் சாத்தினாள்.